இரண்டு கரும்புத் தீவுகள்: மொரீசியசும் பிஜியும் வழி பிரிந்த கதை

1961-இல் ஜேம்ஸ் மீட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் மொரீசியஸின் நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தார். ஏற்றுமதி என்றால் சர்க்கரை. அதை விட்டால் சொல்லும்படி வேறொன்றும் இல்லை. மலேரியா ஒழிந்ததில் இறப்பு குறைந்து மக்கள்தொகை மளமளவென்று ஏறுகிறது. வேலை மட்டும் பெருகவில்லை. இந்துக்கள், முஸ்லிம்கள், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்கள், சீனர்கள், பிரெஞ்சு வம்சாவளியினர் என்று சமூகம் பிரிந்து கிடக்கிறது. இந்தத் தீவு அமைதியாக முன்னேறும் என்று நம்ப அதிக இடமில்லை என்பதே அவர் கண்ட முடிவு. மீட் பிற்பாடு, 1977-இல், பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

பிஜியைப் பற்றி இப்படி யாரும் கவலைப்படவில்லை. பெரிய ரகளை ஏதுமின்றி 1970-இல் விடுதலை பெற்ற நாடு அது. 1986 நவம்பரில் அங்கு சென்ற போப் இரண்டாம் ஜான் பால், பல இனத்தார் கூடி வாழ்வதற்கு அந்நாட்டை முன்மாதிரியாகப் பாராட்டினார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1987 மே 14 அன்று ஆயுதம் தாங்கிய படையினர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, ஒரு மாதமே ஆகியிருந்த அரசைக் கவிழ்த்தனர்.

இரு கணிப்புகளும் தலைகீழாயின. விடுதலையின்போது தலைக்கு வருமானத்தில் பிஜிதான் முன்னே நின்றது. இன்று மொரீசியஸின் ஆண்டு தனிநபர் உள்நாட்டு உற்பத்தி 11,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. பிஜியினுடையது அதில் ஏறக்குறையப் பாதி. ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மொரீசியஸ் 0.80-ஐ ஒட்டியும் பிஜி 0.73-ஐ ஒட்டியும் நிற்கின்றன. ஒரே பேரரசு, ஒரே பயிர், ஒரே வகைக் கூலி ஒப்பந்தம், இரண்டே ஆண்டு இடைவெளியில் விடுதலை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

மொரீசியஸில் நல்ல தலைவர்கள் வாய்த்தார்கள், பிஜியில் வாய்க்கவில்லை என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. அது போதாது. நாடு யாருடையது என்ற சண்டையை மொரீசியஸ் கொடியேற்றுவதற்கு முன்பே, அசிங்கமாகவேனும், வாக்குப்பெட்டியில் போட்டு முடித்தது. பிஜி அதே சண்டையைக் கண்ணியமாகத் தள்ளிவைத்தது. பிந்தைய அரை நூற்றாண்டில் நடந்தவற்றில் பெரும்பகுதியை இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு விளக்க முடியும்.

ஒரே ஆளுநர், இரண்டு ஏற்பாடுகள்

மொரீசியஸில் பூர்வகுடி என்று யாரும் இல்லை. டச்சுக்காரர்கள் வந்து, தாக்குப்பிடிக்க முடியாமல் 1710-இல் வெளியேறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டங்களை அமைத்தார்கள். புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயிக்குச் சென்றதும் அந்தக் காலத்தில்தான். 1810-இல் தீவு பிரிட்டனிடம் வந்தது. 1835-இல் அடிமை முறை ஒழிந்தபோது அந்த இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் இறக்கப்பட்டனர். 1834-க்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையே வந்தவர்கள் சுமார் 4.5 லட்சம் பேர். அவர்கள் கரையேறிய ஆப்ரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

பிஜியில் நிலைமை வேறு. மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள். 1874 அக்டோபர் 10 அன்று தக்கொம்பாவும் பிற தலைவர்களும் தீவுகளை விக்டோரியா அரசியிடம் ஒப்படைத்தனர். மறு ஆண்டே தட்டம்மை பரவி மக்களில் நான்கில் ஒருவரையாவது கொண்டுபோனது. இந்தச் சூழலில் ஆளுநராக வந்தவர் சர் ஆர்தர் கோர்டன். பிஜிக்கு வருமுன் அவர் மொரீசியஸில்தான் ஆளுநராக இருந்தார். அங்கே தோட்டத் தொழிலாளர்கள் நாய்படாத பாடு படுவதை 1871-இல் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் மனு எழுதி அம்பலப்படுத்தியதும் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டதும் அவர் காலத்திலேதான்.

அந்த அனுபவத்திலிருந்து கோர்டன் எடுத்துக்கொண்ட பாடம் விசித்திரமானது. பிஜியரின் நிலத்தை விற்கக் கூடாது. அவர்களைத் தோட்டக் கூலிகளாக்கிக் கிராம வாழ்வைச் சிதைக்கக் கூடாது. இதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் காலனிக்கு வருமானம் வேண்டுமே? அதற்கு இந்தியக் கூலிகள். 1879 மே 14 அன்று லியோனிடாஸ் கப்பல் முதல் தொகுதியை இறக்கியது. 1916 வரை சுமார் 60,000 பேர் வந்தார்கள். ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 1903-க்குப் பின் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தென்னிந்தியர். பாரதி பாடிய பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்கள் இவர்கள் நடுவே வாழ்ந்தவர்கள்தாம். ஒரு மக்களைக் காப்பாற்றப் போட்ட வேலியின் செலவு இன்னொரு மக்களின் முதுகில் ஏற்றப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் விளைவு நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது. மொரீசியஸில் நிலம் பெரும்பாலும் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களிடம் இருந்தாலும் அது விலைக்குக் கிடைக்கும் பொருளாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நொடித்த எஸ்டேட்டுகள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பழைய கூலிகள் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளே பிறகு ஆசிரியர்களும் வக்கீல்களும் கட்சித் தலைவர்களும் ஆனார்கள். பிஜியில் இந்தியர் எவ்வளவு சம்பாதித்தாலும் பெரும்பாலான நிலத்தைக் குத்தகைக்குத்தான் எடுக்க முடியும். இன்றும் நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 87 விழுக்காடு மத்தங்கலி எனப்படும் குலக்குழுக்களின் பொதுச் சொத்து.

கொடி ஏறுவதற்கு முன்

1948-இல் மொரீசியஸில் வாக்குரிமை விரிந்தது. தீவில் பேசப்படும் ஏதேனும் ஒரு மொழியில் எளிய எழுத்தறிவு இருந்தால் போதும். பாஸ்தேவ் பிசுந்தோயலின் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். 1959-இல் வயதுவந்த அனைவருக்கும் வாக்கு கிடைத்தது. இந்துக்களே பெரும்பான்மை என்பதால் விடுதலை என்றால் இந்து ஆட்சி என்ற அச்சம் மற்றவர்களிடம் பரவியது. காயத்தான் துவால் தலைமையிலான கட்சி பிரிட்டனோடு இணைந்திருப்பதே மேல் என்று பிரசாரம் செய்தது. 1967 ஆகஸ்ட் தேர்தல் நடைமுறையில் ஒரு பொது வாக்கெடுப்பாகவே ஆனது. வாக்களித்தோரில் சுமார் 44 விழுக்காட்டினர் விடுதலைக்கு எதிராக வாக்களித்தார்கள். அடுத்த ஜனவரியில் போர்ட் லூயியில் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டு பிரிட்டிஷ் படையை வரவழைக்க வேண்டியதாயிற்று. 1968 மார்ச் 12 அன்று கொடி ஏறியபோது மக்களில் பாதிப்பேர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. வசதியுள்ள பலர் ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மூட்டை கட்டினார்கள்.

ஆனாலும் தேர்தல் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. தோற்ற தரப்பு, தான் தோற்றதை எண்ணிக்கையில் பார்த்துவிட்டது. வென்ற விடுதலைத் தரப்பின் தலைவர் சீவூசாகர் ராம்கூலம் அதற்கடுத்துச் செய்ததே தீர்மானகரமானது. 1969-இல் துவாலையே கூட்டணிக்குள் அழைத்து வெளியுறவு அமைச்சராக்கினார். பெரும்பான்மை இருந்தும் சிறுபான்மையை மேசைக்கு அழைத்து உட்காரவைத்த அந்தப் பழக்கம் அந்நாட்டு அரசியலில் ஊறிப்போயிற்று.

பிஜியில் பூர்வகுடியினருக்கு நேரடி வாக்கு கிடைத்ததே 1963-இல். விடுதலைக்கு ஏழே ஆண்டுகள் முன்பு. அதுவரை அவர்களின் பிரதிநிதிகளைத் தலைவர்கள் நியமித்தார்கள். 1966 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் பாதியைச் சற்றே தாண்டியிருந்தார்கள். ஏ.டி. பட்டேல் தலைமையிலான தேசியக் கூட்டமைப்புக் கட்சி கேட்டது ஒன்றே: இனவாரிப் பட்டியல் வேண்டாம், எல்லாருக்கும் பொதுவான வாக்காளர் பட்டியல். எண்ணிக்கையில் குறைந்த பூர்வகுடியினருக்கு அது மண்ணையும் இழக்கும் வழியாகத் தெரிந்தது. ஹவாயிலும் நியூசிலாந்திலும் என்ன நடந்தது என்பது அவர்கள் கண்முன் இருந்தது. அந்த அச்சத்தை வெறும் இனவெறி என்று ஒதுக்குவது நியாயமல்ல.

1969-இல் பட்டேல் இறந்தார். அவருக்குப் பின் வந்த எஸ்.எம். கோயாவும் பூர்வகுடித் தரப்பின் தலைவர் ரத்து சர் கமிசேசே மாராவும் மூடிய அறையில் பேசி, இனவாரி இடங்களை வைத்துக்கொள்வது, பொதுப் பட்டியலைப் பின்னால் ஒரு குழு பார்த்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். இந்த ஏற்பாட்டின் மீது மக்கள் தீர்ப்பைக் கேட்கும் தேர்தல் நடக்கவில்லை. குழு 1975-இல் அறிக்கை கொடுத்தது. அரசு அதைக் கிடப்பில் போட்டது. 1970 அக்டோபர் 10 அன்று சுவாவில் நடந்த விடுதலை விழா அமைதியானது, அழகானது. சண்டை தீர்ந்ததால் வந்த அமைதி அல்ல அது. சண்டையைத் தொடாததால் வந்தது.

வாக்கு, நிலம், துப்பாக்கி

மொரீசியஸின் தேர்தல் முறை மேலுக்குச் சிக்கலாகத் தோன்றும். முதன்மைத் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள், வாக்காளருக்கு மூன்று வாக்குகள். இதனால் எந்தக் கட்சியும் ஒரே சமூகத்து ஆட்கள் மூவரை நிறுத்தினால் மற்றவர் வாக்கை இழக்கும். வேட்பாளர் பட்டியலைக் கலந்து போடுவது கொள்கைக்காக அல்ல, வெற்றிக்காகவே தேவைப்பட்டது. அதற்கு மேலும் குறைந்த பிரதிநிதித்துவம் பெற்ற சமூகங்களுக்காக, தோற்றவர்களில் நல்ல வாக்கு பெற்ற எட்டுப் பேர் வரை சபைக்குள் கொண்டுவரப்படுவார்கள்.

இந்த எட்டு இடங்கள் இன்று சங்கடமாகிவிட்டன. வேட்பாளர் தன் சமூகத்தை அறிவிக்க வேண்டும். கணக்கு 1972 கணக்கெடுப்பின்படி. அதன் பிறகு சமூகவாரிக் கணக்கே எடுக்கப்படவில்லை. இப்படிக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-இல் சொன்னது. ஆனால் முதல் முப்பதாண்டில் சிறுபான்மையினர் சபையை விட்டு வெளியேறாமல் இருந்ததில் அந்த இடங்களுக்குப் பங்குண்டு.

பிஜியின் 52 இடங்களில் 22 பூர்வகுடிக்கு, 22 இந்தியருக்கு, எட்டு மற்றவர்களுக்கு. இன அடிப்படையில்தான் போட்டி. ஆகவே இனத்தைச் சொல்லித்தான் வாக்கு. 1977 ஏப்ரலில் தேசியக் கூட்டமைப்புக் கட்சி 26 இடங்களோடு முதலிடம் பெற்றும், உட்கட்சிப் பூசலில் திணறியபோது தலைமை ஆளுநர் மாராவையே மீண்டும் பிரதமராக்கினார். பத்து ஆண்டு கழித்து திமோதி பவாத்ராவின் தொழிற்கட்சிக் கூட்டணி வென்றது. பவாத்ரா பூர்வகுடியினர்தான். ஆனால் கூட்டணி உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். லியோனிடாஸ் வந்து சரியாக 108 ஆண்டு நிறைந்த நாளில் லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரபூகா அந்த அரசைக் கவிழ்த்தார்.

அவரால் கவிழ்க்க முடிந்ததற்கு ஒரு காரணம், கவிழ்ப்பதற்கு ஒரு ராணுவம் இருந்தது. 1978 முதல் லெபனானிலும் பிறகு சினாயிலும் அமைதிப் படைக்கு ஆள் அனுப்பியதால், சிறியதாக இருந்த படை 2,000-ஐத் தாண்டியது. ஏறத்தாழ முழுவதும் பூர்வகுடியினர். ரபூகாவே அப்படி லெபனான் சென்று வந்தவர். மொரீசியஸ் நிலைப்படை வைத்துக்கொள்ளவே இல்லை. காவல் துறைக்குக் கீழே ஒரு சிறப்புப் பிரிவு மட்டும். 1971-இல் வேலைநிறுத்தங்களை அடக்க ராம்கூலம் நெருக்கடி நிலை அறிவித்து, 1972-இல் நடக்க வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிவைத்தார். அது சனநாயகத்துக்கு விழுந்த பெரிய அடிதான். ஆனால் அந்த இடைவெளியில் புகுந்து நாற்காலியைப் பிடிக்கத் தளபதி என்று ஒருவர் இல்லை. 1982-இல் எதிர்க்கட்சிக் கூட்டணி மொரீசியஸ் தீவின் 60 இடங்களையும் அள்ளியது. ராம்கூலம் அமைதியாக இறங்கினார்.

பிஜியில் நிலம் ஒரு கையில், உழைப்பு இன்னொரு கையில், துப்பாக்கி முதல் கையில். வாக்கு மட்டும் கை மாறியபோதெல்லாம் துப்பாக்கி எழுந்தது. 1990 அரசியல் சட்டம் பிரதமர் பூர்வகுடியினராகவே இருக்க வேண்டும் என்றது. 1997-இல் அது தளர்ந்து, 1999-இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். சரியாக ஓராண்டில், 2000 மே 19 அன்று, ஜார்ஜ் ஸ்பைட்டின் கும்பல் அவரை நாடாளுமன்றத்திலேயே 56 நாள் பிணையாக வைத்தது. 2006 டிசம்பரில் தளபதி பிராங்க் பைனிமராமா இன்னொரு முறை கவிழ்த்தார். இம்முறை இனச் சமத்துவத்தின் பெயரில்.

சர்க்கரைப் பணம் எங்கே போயிற்று

1975-இல் லோமே ஒப்பந்தத்தின் சர்க்கரை உடன்படிக்கை ஐரோப்பியச் சந்தையை இருவருக்கும் திறந்தது. உலக விலையைவிடப் பல ஆண்டுகள் இரண்டு மூன்று மடங்கு விலை. மொத்த ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மொரீசியஸுக்கு. அடுத்த பெரிய பங்கு பிஜிக்கு. ஒரே அதிர்ஷ்டம் இருவர் வாசலிலும் வந்து நின்றது.

மொரீசியஸ் அரசு தோட்ட முதலாளிகளின் நிலத்தைப் பிடுங்கவில்லை. சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி போட்டது. அந்தப் பணத்தில் இலவச மருத்துவம், 1977 முதல் இலவச உயர்நிலைக் கல்வி, எல்லா முதியவர்க்கும் ஓய்வூதியம் ஆகியவை நடந்தன. முதலாளிகளுக்கு நிலம் மிஞ்சியது, ஆட்சி போயிற்று. வரி கட்டிய பின்னும் மிஞ்சிய லாபத்தை அவர்கள் வெளிநாட்டில் பதுக்காமல் துணித் தொழிற்சாலைகளில் போட வழி செய்தது 1970-இன் ஏற்றுமதி மண்டலச் சட்டம். பொறியியலாளர் எடுவார் லிம் ஃபாட் முன்மொழிந்த திட்டம் அது. ஹாங்காங் முதலாளிகளும் துணி ஏற்றுமதிக்கான ஒதுக்கீட்டைத் தேடி வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. பத்தாண்டு முடிவதற்குள் ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. இந்த அதிசயத்தின் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்குச் சட்டப்படியே குறைந்த கூலி.

பிஜியின் வழி குத்தகையில் மாட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். சர்க்கரைக் கம்பெனி 1920-களில் தோட்டங்களைச் சுமார் 10 ஏக்கர் துண்டுகளாக்கி இந்தியக் குடியானவர்களிடம் விட்டது. பின்னாளில் டென்னிங் பிரபுவின் தீர்ப்பு சர்க்கரை வருவாயில் விவசாயிக்குக் கூடுதல் பங்கு கொடுத்தது. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு 1973-இல் வெளியேற, ஆலைகள் அரசிடம் வந்தன. 1976 சட்டம் குத்தகைக்கு 30 ஆண்டு உறுதி அளித்தது. வாடகைக்கு உச்சவரம்பும் விதித்தது. நிலச் சொந்தக்காரருக்கு அது அற்பப் பணம். வசூலிலும் நில நிர்வாக வாரியமும் தலைவர்களும் எடுத்தது போக மிச்சமே சாதாரணக் குலத்தாருக்கு. 2010-களின் தொடக்கத்தில்தான் சமமாகப் பங்கிடும் விதி வந்தது. 1997 முதல் குத்தகைகள் காலாவதியாகத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமுறையாக உழுத வயலை விட்டு இறங்கின. 1990-களில் ஐந்து லட்சம் டன்னைத் தொட்ட சர்க்கரை உற்பத்தி இப்போது இரண்டு லட்சம் டன்னுக்குக் கீழே.

மொரீசியஸிலும் சர்க்கரை சரிந்தது. ஐரோப்பா 2006-க்குப் பின் விலையை 36 விழுக்காடு வெட்டியது. ஆனால் அதற்குள் துணி, சுற்றுலா, வங்கி என்று கால்கள் பல. பிஜியும் 1987 கவிழ்ப்புக்குப் பிறகு வரியில்லா ஆலைத் திட்டத்தில் துணித் தொழிலைத் தொடங்கியது. காலம் கடந்துவிட்டது, சலுகைகள் தீர்ந்ததும் அது சுருங்கியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஆட்களின் இழப்பு. 1987-க்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர், அவர்களிலும் மருத்துவரும் ஆசிரியரும் கணக்காளரும். 1986-இல் மக்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்தவர்கள் 2007 கணக்கெடுப்பில் 37.5 விழுக்காடு. பொதுப் பட்டியல் கேட்ட சமூகம் பெரும்பான்மையாகும் என்ற அச்சம் இப்படித் தீர்ந்தது.

எண்கள் சொல்லாதவை

மொரீசியஸில் பிறக்கும் குழந்தை எழுபதுகளின் நடுப்பகுதி வரை வாழலாம் என்பது எதிர்பார்ப்பு. பிஜியில் அறுபதுகளின் பிற்பகுதி. நீரிழிவும் இதய நோயும் அங்கே நடுவயதினரையே கொண்டுபோகின்றன. ஆனால் தலைக்கு வருமானம் என்ற கணக்கு பிஜிக் கிராமத்தைச் சரியாக அளப்பதில்லை. தன் குல நிலத்தில் மரவள்ளியும் சேம்பும் பயிரிட்டுச் சாப்பிடும் குடும்பத்தின் உணவு கடைக் கணக்கில் முழுதாக ஏறாது. நிலமற்ற வறுமை என்பதை அந்தக் குடும்பம் அறியாது. கோர்டனின் ஏற்பாட்டுக்கு எத்தனை குறை சொன்னாலும், பூர்வகுடியினர் தம் மண்ணில் அந்நியராகவில்லை என்பது அதன் சாதனை.

மொரீசியஸின் பளபளப்புக்கு அடியிலும் நிழல் உண்டு. அடிமைகளின் வழிவந்த கிரியோல்கள் கல்வியிலும் அரசு வேலையிலும் பின்தங்கியே இருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் காயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்ததும் தீவு பற்றி எரிந்தது அதன் வெளிப்பாடு. 1968 முதல் பிரதமரானவர்கள் ஐவர். அவர்களில் நால்வர் ராம்கூலம், ஜக்நாத் ஆகிய இரு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2003-இல் பிரதமரான போல் பெராஞ்ஜே மட்டுமே விதிவிலக்கு. விடுதலையின் விலையாக 1965-இல் சாகோஸ் தீவுகள் 30 லட்சம் பவுண்டுக்குப் பிரிக்கப்பட்டன. டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க அங்கு வாழ்ந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

அதே நாட்டின் பணத்தாள்களைப் பார்த்தால் அதன் சமரசமும் தெரியும். 100 ரூபாய்த் தாளில் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன், 200-இல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 1,000-இல் விடுதலையை எதிர்த்த துவால், 2,000-இல் அதைப் பெற்றுத்தந்த ராம்கூலம். 1998-இல் புதிய தாள்களில் தமிழுக்கு மேலே இந்தி வந்தபோது தமிழர்கள் கொதித்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் அச்சிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சில்லறைச் சண்டை. ஆனால் சில்லறைச் சண்டைக்குச் செவிசாய்க்கும் அரசில் பெரிய சண்டை வருவது அரிது.

தள்ளிவைத்த கேள்வி

பட்டேல் 1960-களில் கேட்ட பொது வாக்காளர் பட்டியல் பிஜிக்கு 2013-இல் வந்துவிட்டது. எல்லாக் குடிமக்களையும் பிஜியர் என்றே அழைக்க வேண்டும் என்பதும் சட்டமானது. ஆனால் கொண்டுவந்தவர் துப்பாக்கியால் ஆட்சிக்கு வந்த பைனிமராமா. அதே அரசியல் சட்டம் நாட்டின் பாதுகாப்புக்கும் மக்களின் நலனுக்கும் பொறுப்பை ராணுவத்திடம் கொடுத்திருக்கிறது. நியாயமான கோரிக்கை நியாயமற்ற வாசல் வழியே வந்ததால், அதைத் தமதென்று ஏற்காதவர்கள் இன்றும் பலர். 2022 தேர்தலில் மோதிய இரு பெருந்தலைவர்களும் ஒரு காலத்தில் அரசைக் கவிழ்த்தவர்கள். ஆயினும் ஆட்சி வாக்கால் மாறியது. வென்ற ரபூகா, 2023 மே 14 அன்று, 1987-இல் செய்ததற்காக இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பு பெரிய விஷயம்தான். ஆனால் குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை யாருக்கு எவ்வளவு, படையில் யார் சேரலாம், அந்தப் படையின் மேல் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விகளுக்கு அது விடையல்ல. அவற்றுக்கு விடை காணும் வரை பிஜியின் விடுதலைப் பேச்சுவார்த்தை முடிந்ததாகச் சொல்ல முடியாது. பூர்வகுடியினரின் நில உரிமை வளர்ச்சிக்குத் தடை என்பதல்ல இந்த ஒப்பீடு காட்டுவது. அந்த உரிமைக்கும் மற்றவரின் குடியுரிமைக்கும் இடையே ஒரு பேரம் வெளிப்படையாக, வாக்காளர் முன்னிலையில் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பதே. மொரீசியஸ் தன் பேரத்தைக் கலவரத்துக்கு நடுவே பேசியது; அதில் கிரியோல்களும் சாகோஸ் மக்களும் விடுபட்டார்கள்; அந்தக் கடன் இன்னும் பாக்கி. ஆனால் பேசப்பட்டதால், அதற்குப் பின் யார் தோற்றாலும் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கத் துணிந்தார்கள். தோற்றவர் காத்திருக்கத் துணியும் நாட்டில்தான் முதலாளி ஆலை கட்டுகிறார், தந்தை பிள்ளையை உள்ளூரில் மருத்துவம் படிக்க வைக்கிறார். மீட்டின் கணக்கில் விடுபட்டது அந்தத் துணிவு.